தீக்காயம் படாத போர்மேன்

"ஒங்க மச்சான் போயிட்டாரு டீச்சர். ஒருவழியா பேச்சியக்காவுக்குத் தொல்லை விட்டுச்சு."

செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. விருதுநகரில் நான் உயிரியல் நடத்தும் பள்ளியில் இரண்டாவது பீரியட் முடிந்து செல்போனை எடுத்தபோது, மறுமுனையில் எங்கள் தூரத்து உறவுக்காரர் ஒருவர். இறந்தவர் என் அக்கா பேச்சியம்மாளின் கணவர் குருசாமி. விடிந்ததும் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கட்டிலில் படுக்க வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. ஒரு மனிதர் இறந்ததை இப்படியா சொல்வீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. "உள்ளதைத்தானே சொன்னேன்" என்றிருப்பார். உள்ளதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்குச் சில வருடங்களாகவே தீராத அருவருப்பு.

பஸ் திருத்தங்கலில் நின்றபோது எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அச்சுக்குப் பஞ்சமில்லை, வீட்டில் அழுது முடிப்பதற்குள் நாலு கலரில் போஸ்டர் வந்துவிடும். மச்சானை வேலையை விட்டு அனுப்பிய பட்டாசுக் கம்பெனியின் பெயரில் இருந்தது அது. "எங்கள் நிறுவனத்தின் தூணே" என்று மேலே போட்டிருந்தார்கள். தூணின் படம் தபால்தலை அளவுக்கும், முதலாளியின் படம் அதைப்போல் நாலு மடங்கும் இருந்தன. பிடுங்கி எறிந்தபோது தூண் என்று தெரியவில்லை போலும்.

நான் இதை எழுதுவதற்கு அந்தப் போஸ்டரும் அந்தப் போனும்தான் காரணம். மச்சானை அறிந்தவர்களில் பாதிப் பேர் அவரைத் தூண் என்கிறார்கள், மீதிப் பேர் தொல்லை என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் அவர் இல்லை. அவரை அறியாதவர்களுக்காகவும் சேர்த்து, நான் கண்டதை முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். வாசலில் எல்லோரும் "வாங்க, வாங்க" என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, மாப்பிள்ளை உட்காராமல் நேராக அடுக்களைப் பக்கம் போனார். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் ஜன்னல் திரைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. அதை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பொண்ணைப் பாக்க வந்தாகளா, அடுப்பைப் பாக்க வந்தாகளா?" என்று அம்மா உள்ளே முணுமுணுத்தாள். அவர் காதில் விழுந்துவிட்டது. "ரெண்டையும் பாக்கணும்லா அத்தை" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. அக்கா அப்போதே சம்மதித்துவிட்டாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக்குக்கூடப் போகவில்லை. அவர் மட்டும் அன்றைக்கே என்னை "டீச்சரம்மா" ஆக்கிவிட்டார். வயதில் எவ்வளவோ இளையவளான என்னை "டீச்சரம்மா, சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்பார். கேலிதான் என்றாலும் அதில் மரியாதை கலந்திருக்கும். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். அலுமினியப் பொடி ஒட்டிய கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். செம்பை உதட்டில் வைத்து யாராவது குடித்தால், ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் வேறு செம்பு எடுத்து வருவார். "ஒங்க மச்சானுக்குச் சாமியே எச்சில் பண்ணுனாலும் ஆகாது" என்பாள் அக்கா.

ஆனைக்குட்டம் போகும் பாதையில் அவர்கள் ஊர். அங்கிருந்து சைக்கிளில் பட்டாசுக் கம்பெனிக்குப் போவார், அங்கே அவர் போர்மேன். போர்மேன் என்றால் வாயில் வசவும் கையில் கம்பும் இருக்கும் என்று நினைக்கிற தொழில் அது. இவர் காலையில் கேட்டில் நின்று, வேலைக்கு வரும் பெண்களிடம் "தாயி, கொண்டை ஊசியைக் கழட்டிருங்க. ஆத்தா, அந்தக் கொலுசு இன்னைக்கு வேண்டாமே" என்று ஒவ்வொருவராகக் கெஞ்சுவார். பட்டாசு மருந்துக்கு உரசல்தான் எமன். இரும்பு தரையில் உரசினாலும், அவசரத்தில் கை மருந்தில் உரசினாலும் போதும். "எல்லா மருந்தையும் கலக்கலாம் தாயி, அவசரத்தை மட்டும் கலக்கக் கூடாது" என்பது அவர் தினமும் சொல்லும் வார்த்தை. சீசன் நேரத்தில் முதலாளி வந்து, இன்னும் ஒரு லோடு மருந்து கூடக் கலக்கச் சொல்லி நிற்பார். "ஆர்டர் போனா அடுத்த வருசம் வரும் மொதலாளி" என்று பாதியில் நிறுத்திக்கொள்வார் மச்சான். மீதிப் பாதி முதலாளிக்குத் தெரியும். அடக்கமாகச் சொல்வாரே ஒழிய, கலக்க விட மாட்டார்.

அப்படிக் கலக்க விடாதவர், ஒரு தீபாவளிச் சீசனில் அக்காவுக்குக் காய்ச்சல் என்று அரை நாள் லீவு போட்டார். மத்தியானம் திரும்பிப் போகும்போது மருந்து அறையில் வேலை வேகமாக நடந்துகொண்டிருந்தது. யார் சொல்லி நடந்தது என்று எனக்குத் தெரியாது, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. கேட்டுக்குள் அவர் நுழைந்தபோதே அந்த அறை வெடித்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். மச்சான் வெளியே ஓடவில்லை, உள்ளே ஓடினார். பக்கத்து அறையில் புகைக்குள் நின்று கத்திக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே தள்ளினார். கடைசிப் பெண்ணைத் தள்ளும்போது இரண்டாவது வெடி. அந்தக் காற்று அவரைத் தூக்கி, இரும்புக் கதவின் விளிம்பில் நெற்றி மோதும்படி அடித்தது.

எங்கள் பக்கத்தில் வெடி விபத்து என்றால் காயம் என்பது தீக்காயம்தான். மருத்துவமனைக்கு ஓடி வருகிறவர்கள் "உயிர் இருக்கா" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை பர்சென்ட்?" என்று கேட்பார்கள். உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று அர்த்தம். படிக்காத கிழவிக்கும் அந்தக் கணக்குத் தெரியும். மச்சானைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். முதுகில் இல்லை, நெஞ்சில் இல்லை, கையில் ஒரு மயிர்கூடக் கருகவில்லை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். "ஒரு பர்சென்ட்கூட இல்லையே!" என்று வார்டு வாசலில் நின்றவர்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார், பகலெல்லாம் தூங்கினார். அதிர்ச்சி என்றார்கள். அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வீக்கத்துக்குப் பற்றுப் போட்டு, கையில் தாயத்துக் கட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் மாரியம்மன் கோவிலில் நாட்டாமையே அவருக்குப் பரிவட்டம் கட்டினார். "பொட்டுத் தீ படாத மனுசன்! ஆத்தா கையால தூக்கி வெளிய வச்சிருக்கா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். புதுச் சீசன் ஆரம்பிக்கிறவர்கள் மச்சானைக் கூட்டிப்போய் முதல் திரியைத் தொடச் சொன்னார்கள். ராசிக்காரராம். அவருடைய உடம்பில் தீ பட்டதா என்று பார்த்த எத்தனையோ கண்களில், அந்த நெற்றிக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று பார்க்கிற கண் ஒன்றுகூட இல்லை.

முதலில் தெரிந்தது ஒரு சின்ன விஷயம். டீக்கடையில் யாரோ பாதி குடித்து வைத்துவிட்டுப் போன கிளாஸை எடுத்து மச்சான் குடித்துவிட்டார். அக்கா இதைப் போனில் சொல்லும்போது சிரித்தாள். "இப்பத்தான் மனுசன் மாதிரி ஆயிருக்காக" என்றாள். அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தார். நான் கதவைத் திறந்ததும், "ஏட்டி, சோறு இருக்கா?" என்றார். நான் அவருக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் என் கணவரின் இலையிலிருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கடித்துக்கொண்டே, எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

பிறகு வந்ததையெல்லாம் எழுதினால் பத்திரிகை அச்சிடாது. சாக்கடை ஓரத்தில் விழுந்த வடையை எடுத்துத் தின்றார். தெருவைப் பார்த்து நின்றுகொண்டு ஒன்றுக்கிருந்தார். இழவு வீட்டில் சிரித்தார். தோன்றியதைச் சொன்னார், சொன்னதை உடனே செய்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது, அதை மறைத்து எழுதுவதில் மச்சானுக்கு ஒரு மரியாதையும் இல்லை. அவருக்கு இல்லாமல் போன அருவருப்பும் சேர்ந்து எனக்கே வந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

ஊருக்கு ஒவ்வொரு மாதத்துக்கும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது. முதலில், பரிவட்டம் கட்டியதால் வந்த திமிர் என்றார்கள். அடுத்து, குடிக்கிறார் என்றார்கள். வாழ்நாளில் சாராயம் இருந்த பக்கம் போகாதவர். கடைசியில், செத்த இரண்டு பேரும் அவர் மேல் ஏறியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அந்த ஆள் உடுக்கை அடித்து, வேப்பங்குழையாலும் சாட்டையாலும் மச்சானை அடித்து, "யார் நீ? பேரைச் சொல்லு!" என்றான்.

"குருசாமி. போர்மேன்" என்றார் மச்சான்.

பேய் பொய் சொல்கிறது என்று மறுபடி அடித்தான். மறுபடியும் அதே பதில். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாட்டை பட்ட இடத்திலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மச்சான் சாக்கடை வடையைத் தின்றதைவிட அந்தக் கடலைதான் எனக்கு இன்றும் அதிகமாகக் குமட்டுகிறது.

அதற்கு அடுத்துத்தான் கம்பெனியில் அது நடந்தது. மருந்து காய வைக்கிற மேடைக்குப் பக்கத்தில் நின்று மச்சான் பீடி பற்ற வைத்தார். லோடு ஏற்ற வந்தவரிடம் வாங்கியிருந்தார். யாரோ பாய்ந்து தட்டிவிட்டதால் அன்றைக்கு ஊர் பிழைத்தது. அவரை வேலையை விட்டு அனுப்பியது சரிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் முதலாளி எல்லோரையும் கூட்டி நிறுத்தி வைத்து, "இத்தனை நாள் நல்லவன் மாதிரி நடிச்சிருக்கான். உள்ள கிடந்த அழுக்கு இப்பத்தான் வெளிய வருது" என்று பேசினார். கேட்டில் நின்று கெஞ்சிக் கெஞ்சிக் கொலுசைக் கழற்ற வைத்த அத்தனை வருடமும் நடிப்பாம்! அந்த வார்த்தைதான் ஊருக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு பேய் என்று யாரும் சொல்லவில்லை. அவர் உண்மையில் இப்படிப்பட்டவர்தான், விபத்து மூடியைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தீர்ந்துபோயிற்று.

அக்காவால் இதை மட்டும் தாங்க முடியவில்லை. "அவுக என்னை அடிச்சாகூடப் பொறுத்துக்கிடுவேன். முந்தி இருந்த மனுசனும் பொய்யின்னு ஊர்ல சொல்றாகளே, அதை எப்படிடி பொறுப்பேன்?" என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் மதுரைக்கு ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம்.

அந்த அம்மா பொறுமையாகப் பேசினார். மச்சானிடம் கேள்வி கேட்டார். மருந்துக் கலவையின் அளவையெல்லாம் மச்சான் கடகடவென்று சரியாகச் சொன்னார். "மருந்துக்குப் பக்கத்துல பீடி பத்த வைக்கலாமா?" என்று கேட்டதற்கு, "எந்தக் கூறுகெட்டவன் பத்த வைப்பான்?" என்றார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நெற்றிக்குப் பின்னால், இரண்டு கண்ணுக்கும் மேலே, இருக்க வேண்டிய சாம்பல் நிறம் இல்லாமல் கறுப்பாக இரண்டு திட்டுகள் இருந்தன.

"மண்டை ஓடு உடையலை. ஆனா கண்குழிக்கு மேல இருக்கிற எலும்பு உள்பக்கம் சொரசொரப்பா இருக்கும். மோதின வேகத்துல மூளை அதுல உரசியிருக்கு" என்றார் டாக்டர். உரசல்! அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

டாக்டர் சொன்னதை என் மாணவிகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். பசி, கோபம், ஆசை, பயம் எல்லாம் மூளையின் அடியில், உள்ளே கிளம்புகின்றன. அருவருப்புக்குக்கூட உள்ளே மடிந்து கிடக்கும் ஓர் இடம் உண்டு. கிளம்புகிறதையெல்லாம் நிறுத்தி, "இது ஆகுமா, இது இடமா, எதிரில் இருப்பது யார்" என்று எடை போடுகிற வேலையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிக்குப் பெரிய பங்கு. இந்த இடங்களுக்கு நடுவே ஓடும் நரம்புகள் தங்களுக்குள் ரசாயனத்தால் பேசிக்கொள்கின்றன. டோபமைன் என்பது "வேண்டும், போய் எடு" என்று உந்துகிறது. செரடோனின் என்பது "பொறு" என்பதற்குத் துணை நிற்கிறது. உண்மையில் இவ்வளவு எளிதில்லை, ஒன்றின் வேலையில் இன்னொன்று கலந்துதான் இருக்கும் என்றும் சொன்னார். மச்சானுக்கு உந்துதல் அப்படியே இருக்கிறது, அறிவும் அப்படியே இருக்கிறது. நடுவில் நின்று பிடிக்கிற இடம்தான் வெந்த காயம் எதுவும் இல்லாமலே போய்விட்டது.

அக்காவின் கேள்வியை நான் கேட்டேன். "அப்ப உள்ள இருந்த அழுக்குதான் வெளிய வந்துச்சா டாக்டர்? இதுதான் இவரோட உண்மையான குணமா?"

"டீச்சர், நீங்க வந்ததுல இருந்து வெளிய ரொம்ப நேரம் காத்திருந்தீங்க. என்னைத் திட்டணும்னு ஒரு தடவையாவது தோணியிருக்கும். திட்டலையே" என்றார் அவர். "தோணினது நீங்க, திட்டாம இருந்தது நடிப்புன்னு யாராவது சொன்னா ஒத்துப்பீங்களா? தோணுறது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். எதை எப்படி நிறுத்தி வைக்கிறோம்ங்கிறதுலதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இவர் நிறுத்தி வச்சாரே, அது நிஜம். அது சதையில இருந்தது, அடிபட்டுப் போச்சு. சதையில இருந்ததால பொய்யாயிடுமா?"

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் படத்தை மடியில் வைத்துக் கொண்டு வந்தாள்.

மாத்திரைகள் கொஞ்சம் வேலை செய்தன. கை நீட்டுவது குறைந்தது, தூக்கம் வந்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது, பழைய குரலில், "டீச்சரம்மா, எனக்குத் தெரியுது" என்றார். "வாய் முந்திக்கிடுது. நான் பின்னாலயே ஓடியாறேன். புடிக்க முடியலை." நான் ஏதாவது சொல்வதற்குள் அடுத்த வசவு வந்துவிட்டது. என் மச்சான் என்னிடம் கடைசியாகப் பேசியது வசவுக்கு முந்திய அந்த வார்த்தைகள்தான் என்று நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அக்கா அவரைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். அம்மனுக்குப் படைப்பதற்கு முன்னால் மச்சான் நடந்துபோய் சர்க்கரைப் பொங்கலை ஒரு கை அள்ளித் தின்றுவிட்டார். நாட்டாமை கையைப் பிடித்தார். மச்சான் அவருடைய தாயாரைச் சேர்த்து ஒரு வசவு வைது, முகத்தை நோக்கித் துப்பினார். எச்சில் விழுந்தது நாட்டாமையின் வெள்ளைச் சட்டையில். அவமானம் மட்டும் அம்மனுக்கு என்று தீர்ப்பாயிற்று.

ஊர்க் கூட்டத்தில், குருசாமி சபைக்கு நடுவில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது என்றார்கள். அக்கா ஸ்கேன் படத்தை விரித்துக் காட்டினாள். கைக்குக் கை மாறி, வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். "என்னலே இது, சுரைக்காயா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. நாட்டாமை சொன்னார்: "படத்தைக் காட்டி ஊரை ஏய்க்காதே தாயி. அன்னைக்கு ஒரு பொட்டுக் காயம் இல்லைன்னு நாங்கதானே பாத்து, நாங்கதானே பரிவட்டம் கட்டுனோம்?"

மச்சானுக்கு ஒரு சங்கடமும் இல்லை, சொன்னவுடன் விழுவதற்கு மண்டியிட்டார். அக்கா சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிங்க. காய்ச்சல் வந்தவுக காய்ச்சலுக்காகக் கால்ல விழுவாகளா?" என்றாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. போகிறவர்கள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அக்கா தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கோலம் போடுவாள். மச்சான் உள்ளே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழல் சுற்றுவார். கை பழைய கைதான், ஒரு குழல்கூட நெகிழாது. தூரத்தில் எங்காவது ஒரு கம்பெனி வெடித்த சத்தம் கேட்டால் மட்டும் சுற்றுகிறதைப் போட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் அந்தத் திசையில் ஓடுவார். அக்கா பின்னால் ஓடிப் பிடித்து வருவாள். இது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். "எல்லாத்துக்கும் இடம் காட்ட எங்களுக்கு இன்னும் தெரியலை டீச்சர்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சானை வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. பங்காளிகள் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டும் நீர்மாலைச் சடங்கு நடந்தால்தான் எங்களில் பிணம் வீட்டை விட்டுப் புறப்படும். பங்காளிகள் எல்லோரும் தெருவில் வேப்ப மரத்தடியில் நின்றார்கள், ஒருவர் கையிலும் குடம் இல்லை. எல்லோரும் நாட்டாமையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாட்டாமை வாசற்படியில் கால் வைக்காமல் நின்று பேசினார். "பேச்சி, அவன் கேக்காத மன்னிப்பை நீ கேட்டுரு. சபைக்கு ஒரு கும்பிடு, அம்புட்டுதான். ஒங்க வீட்டுக்காரன் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை. நாங்களே சொந்தச் செலவுல கொட்டு வச்சுத் தூக்குறோம்." பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற அந்தக் குரலில் கனிவு வேறு இருந்தது.

எனக்கே ஒரு கணம், சொல்லித் தொலைத்துவிடலாமே, வெயில் ஏறுகிறதே என்று தோன்றியது. அக்கா எழுந்தாள். என் கையிலிருந்த செல்போனைக் காட்டினாள்.

"மதுரை டாக்டரம்மாவுக்குப் போன் போடுடி. படிக்கிற பிள்ளைகளுக்கு ஒடம்பு குடுத்தா எடுத்துக்கிடுவாகளான்னு கேளு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெடி விபத்தில் போனவர்களைப் போஸ்ட்மார்ட்டம் என்று அறுத்துத் துணியில் சுற்றிக் கொடுப்பதைத் தலைமுறையாகப் பார்த்து நடுங்குகிற ஊர் எங்களுடையது. நல்ல சாவு செத்தவரைத் தானாகக் கொண்டுபோய்க் கொடுப்பது யாரும் கேள்விப்படாத ஒன்று. நான் போன் போட்டேன். மனைவி கையெழுத்தும் இறப்புச் சான்றும் இருந்தால் மருத்துவக் கல்லூரியில் ஏற்பார்கள், தானே சொல்லி வைப்பதாக டாக்டர் சொன்னார். உடனே தலையைத் திறந்து பார்க்க மாட்டார்கள், பதப்படுத்தி வைத்துப் பிறகுதான் மாணவர்கள் படிப்பார்கள் என்றும் சொன்னார். அக்காவிடம் சொன்னேன்.

"எப்பப் பாத்தாலும் சரி. பாக்கட்டும்" என்றாள்.

நாட்டாமைக்கு முகம் கோணிப்போயிற்று. "சீ! புருசனை அறுக்கக் குடுக்கவா போறே? அருவருப்பா இல்லை?"

"இத்தனை வருசமா என் வாசல்ல துப்புனதைக் கழுவியிருக்கேன். எனக்கு அருவருப்பெல்லாம் போயிருச்சு" என்றாள் அக்கா. "நீங்க தீக்காயத்தை மட்டும்தான் பாத்தீக. உள்ள பாக்கத் தெரிஞ்சவுககிட்டக் கொண்டுபோறேன். வழியை விடுங்க."

சிவகாசியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. அக்காவும் நானும், பின்னால் இருந்த இரண்டு வீட்டுப் பெண்களும் மச்சானைக் குளிப்பாட்டினோம். அந்த இருவரும் அவர் புகைக்குள்ளிருந்து வெளியே தள்ளியவர்கள். பங்காளிகள் யாரும் கை கொடுக்கவில்லை. டிரைவரும் அவருடைய உதவியாளருமே தூக்கி ஏற்றினார்கள்.

கல்லூரியில் உடற்கூறுத் துறைப் பேராசிரியர் நாங்கள் வரும்வரை காத்திருந்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள். உடலைத் தள்ளிக்கொண்டு போகும் முன்னால், "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அவர் கேட்டார். எல்லோரிடமும் கேட்பது வழக்கம் போலிருக்கிறது. அக்கா மச்சானின் நெற்றியில் கை வைத்தாள்.

"பிள்ளைகள் பாக்கையில சொல்லுங்க சார். இந்த இடத்துல இருக்கிறது வெடிச்சப்போ பட்ட அடி. மத்தது எல்லாம் அவுக."

"சொல்றேம்மா" என்றார் பேராசிரியர். கதவு மூடும்வரை அக்கா நின்றாள், பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, அன்று முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

போய் வாருங்கள் மச்சான். உங்களுக்காக நாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.